எடுத்து வைத்த அரிசி

கடல் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் வந்த வருஷத்துக்கு அடுத்த வசந்தத்தில், கூல்தோ தீவில் கில்லேயின் வீட்டு அடுப்பில் ஒரு பிடி அரிசி காலையிலிருந்து பொழுது சாயும் வரை கொதித்தும் வேகவில்லை. அதே பானையில் கிடந்த பார்லி குழைந்து களியாகிவிட்டது. காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டுகள் கரைந்து இருந்த இடம் தெரியாமல் போயின. அரிசி மட்டும் போட்டது போட்டபடி, மணி மணியாக, வெள்ளைவெளேரென்று பானையின் அடியில் கிடந்தது. கில்லேயின் புருஷன் தூமான் ஒரு வாய் அள்ளிப் போட்டுக் கடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கையில் வந்தது. பால் பல் விழுந்த பிள்ளைகள் செய்வதுபோல அவன் அதைக் கூரைமேல் வீசினான். இது நடந்ததா என்று கூல்தோவில் யாரும் சந்தேகப்பட்டதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு தூமான் சாகும்வரை இடது பக்கமாகத்தான் மென்றான்.

அது பானைக்கு வந்திருக்கக் கூடாத அரிசி. அந்தத் தீவில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த வீடுகளில் சமையல்கட்டுச் சுவரில் ஒரு துணிப்பை தொங்கும். உலை வைப்பதற்கு முன் வீட்டுப் பெண், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பேரையும் வாய்க்குள் சொல்லி, ஆளுக்கு ஒரு கரண்டி அரிசியை அந்தப் பையில் போடுவாள். பார்லியோடு கலப்பதற்கே அரிசி போதாத வீடுகளிலும் அப்படித்தான். பையில் விழுந்த அரிசி அதற்குமேல் அந்த வீட்டுடையது அல்ல. ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய் வாசலை ஒட்டியிருந்த பெரிய சாடியில் கொட்டுவார்கள். உபதேசியார் வீட்டில் உலை வைப்பது அதிலிருந்துதான். மீதி, இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும்.

அந்த வசந்தத்தில் இல்லாத வீடுதான் எல்லாமே. உப்புத்தண்ணீர் ஏறிய வயல் ஒன்றும் கொடுக்கவில்லை, புதுப் பார்லி முற்ற இன்னும் நாள் இருந்தது. தூமான் உப்பளத்தில் நாளெல்லாம் ஏற்றச் சக்கரத்தை மிதித்துக் கடல்தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிறவன். ஆலயத்துக்குப் போகிறவன் அல்ல; பெண்டாட்டி போவதைத் தடுக்கிறவனும் அல்ல. அன்று காலை அவர்கள் மகள் ஒக்சில் பசியில் பாயின் கோரையை உருவி மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பையை எடுத்தான்.

“ஆண்டவருக்குப் பசிக்கல. என் பொண்ணுக்குப் பசிக்குது” என்று சொல்லிப் பானையில் கொட்டினான். கில்லே தடுக்கக் கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிக்கொண்டாள். அந்தப் பாதிக் கை அவளுக்குப் பல வருஷம் கனவில் வந்தது.

வேகவில்லை என்றதும் தூமானுக்கு ரோஷம் வந்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பைன் சருகையெல்லாம் அடுப்பில் தள்ளினான். புகையைப் பார்த்து ஊர் கூடியது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு பான்கும். அரசாங்கம் அரிசியில் மது காய்ச்சக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகு, கள்ளத்தனமாகச் சர்க்கரைவள்ளியில் காய்ச்சி, அதிகாரிகள் படகு தெரிந்தால் ஜாடியை வைக்கோல் போருக்குள் தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்து பூண்டு உரிக்கிறவள். கில்லேயும் அவளும் ஒரே வருஷம் அந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். பான்கும் பானைக்குள் அகப்பையை விட்டுத் துழாவினாள்.

“ஏன் தூமான், கடற்கரையில கூழாங்கல் பொறுக்கிட்டு வந்து அரிசின்னு பொண்டாட்டியை ஏமாத்துறியா?”

“நீயே கடிச்சுப் பாரு அக்கா. எனக்கு ஒண்ணு போச்சு.”

“எனக்கு இருக்கறதே நாலு. புளிக்காத அரிசியை நான் பாத்திருக்கேன். வேகாத அரிசியை என் ஜென்மத்துல பாத்ததில்ல.”

கடைசியில் மா உபதேசியார் வந்தார். சண்டைக் காலத்தில் வடக்கேயிருந்து கட்டின துணியோடு இறங்கி வந்த மனிதர். பெண்டாட்டியை வழியிலேயே பறிகொடுத்தவர். காலியான இரும்பு வாயு உருளை ஒன்றைத் தொங்கவிட்டு அதைச் சுத்தியலால் அடிப்பதுதான் அவருடைய ஆலயத்தின் மணி. குனிந்து ஒரு அரிசியை எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், திரும்பப் போட்டார்.

“வேகாது. அது உங்க வீட்டு அரிசி இல்லையே” என்றார், மழை வரும் என்று சொல்வதுபோல. “கில்லே, கழுவி எடுத்து யாருக்காவது குடுத்துடும்மா.” மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். போனவர் தன் வீட்டில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினார். ஆலயத்துச் சாடியிலிருந்து எடுத்த அரிசிதான் அதிலும் இருந்தது, பூவாய் வெந்திருந்தது. ஒக்சில் பானையை வழித்துத் தின்றாள்.

அதற்குப் பிறகு தீவில் எல்லோரும் சோதித்துப் பார்த்தார்கள். எந்த வீட்டில் எடுத்து வைத்ததோ அந்த வீட்டு அடுப்பில் அந்த அரிசி வேகாது, அடுத்தவர் கைக்குப் போனால் முதல் கொதியிலேயே வேகும் என்று தெரிந்துபோயிற்று. உப்பளச் சொந்தக்காரரின் மனைவி வாராவாரம் எல்லோரும் பார்க்கும்படி நிறை பையைக் கொண்டுவந்து கொட்டுகிறவள். அவளும் ஆசைப்பட்டு ஒரு கரண்டியைத் தன் அடுப்பில் போட்டுப் பார்த்தாள். அது நன்றாக வெந்துவிட்டது. அவள் அந்தச் சங்கதியை வெளியே விடவில்லை, வேலைக்காரி விட்டுவிட்டாள். அந்தக் குடும்பம் கொஞ்ச காலம் மாலை ஆராதனைக்கு மட்டும் வந்தது. பிறகு எல்லாம் பழகிவிட்டது. புது மருமகள்களுக்கு, எந்தக் கிணறு உப்பு, எந்த நாய் கடிக்கும் என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் கில்லே அந்த முதல் பிடி அரிசியை யாருக்கும் கொடுக்கவில்லை. கழுவி, உலர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டாள். கொடுக்கத்தான் நினைத்தாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஜன்னலில் வைத்தாள். மறுநாள் வெயில் அதன்மேல் விழுந்தபோது அது இருந்த அழகைப் பார்த்து இன்னொரு நாள் வைத்தாள். ஆண்டவர் விரல் வைத்த அரிசி, அதை எப்படி ஒருவன் வாய்க்குள் போகவிடுவது என்று அவளுக்குத் தோன்றியது. அக்கம்பக்கத்துத் தீவுகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் குப்பியின் முன் குனிந்து கும்பிட்டார்கள். மா உபதேசியார் இரண்டொரு தரம், “இன்னும் குடுக்கலையாம்மா?” என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் அக்கரையில் இருக்கும் மொக்போ நகரத்திலிருந்து ஒரு போதகர் வந்து எழுப்புதல் கூட்டம் நடத்தினார். பரிசுத்தம் என்றால் வேறே எடுத்து வைக்கப்படுவது என்று அவர் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உப்பள வேலையின் அசதியில் தூக்கம். கில்லேக்கு அந்த வார்த்தை எலும்பு வரை போயிற்று. மறுநாள் விடியற்கால ஜெபத்தில் பனி மூடிய தரைப் பலகையில் நெற்றியை வைத்து, “அந்தப் பையில என்னையும் போட்டுடுங்க ஆண்டவரே” என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது.

முதலில் தெரிந்தது சேற்றில். தண்ணீர் வடிந்த நேரத்தில் மற்றப் பெண்களோடு சிப்பி தோண்டப் போனவள், முழங்கால் வரை புதைந்து நடந்து கரையேறியபோது அவள் காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அடுத்து அடுப்புப் புகை அவள் ஆடையில் பிடிக்காமல் போனது. பிறகு மழை அவள்மேல் நனைக்காமல் உருண்டது. குளிர் கடிக்கவில்லை, மிளகாய் எரிக்கவில்லை, உப்பள மேஸ்திரியின் வசவு காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. பனிக்காலத்தில் எல்லோரும் அடுப்புச் சூடு அடியில் ஓடும் தரையில் போர்வைக்குள் காலை நீட்டி ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், சூடு இருக்கிற மூலைக்காக அவள் யாரோடும் தள்ளுமுள்ளுப் பண்ணவில்லை. அவளுக்கு எல்லா மூலையும் ஒன்றுதான். அவள் சந்தோஷமாக இருந்தாள். பொய்யான சந்தோஷம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் ஜெபிக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாமல் பழைய பாவங்கள் ஞாபகம் வந்தன. களவு போன இரண்டு கோழிகள் அந்த மாசம் திரும்பி வந்தன.

கிடைத்தது கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் பிறகுதான் வந்தது. மது காய்ச்சுகிற கையால் இனி எதையும் வாங்கித் தின்பதில்லை என்று கில்லே பான்கும் வீட்டுப் படியை மிதிப்பதை முதலில் நிறுத்தினாள். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பான்கும் முற்றத்தில் முட்டைக்கோஸ் மலையைச் சுற்றி உட்கார்ந்து, முழங்கை வரை மிளகாய் விழுது அப்பிக்கொண்டு, ஒருத்தி வாயில் ஒருத்தி ருசி பார்க்க ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கில்லே வேலிக்கு அந்தப் பக்கம் தன் பங்குக் கோஸை மட்டும் எடுத்துத் தனியாகப் போட்டாள்.

“வாங்க, பரிசுத்தம்மா” என்று பான்கும் வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். “எங்க மிளகா உங்க மேல ஒட்டப் போறதா? ஒட்டாதுன்னுதானே ஊரே பேசுது. அப்புறம் என்ன பயம்?”

“பயம் இல்ல, பான்கும்.”

“பயம் இல்லைன்னா வந்து உக்காரு. உனக்கு உப்புக் கணக்கு எந்த வருஷமும் சரியா வராது. உன் புருஷன் எங்கிட்டதான் வந்து அழுவான்.”

கில்லே போகவில்லை. அந்த வருஷம் அவள் கிம்ச்சி உப்புக்கடலாக இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து வீட்டில் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி என்று ஆயிற்று. அதற்கும் அடுத்து, பாய்களும் தாளமும் வைக்கிற ஆலயத்துப் பக்க அறைக்கே போய்ப் படுக்க ஆரம்பித்தாள். குப்பியையும் கையோடு எடுத்துப் போனாள். தூமான் தடுக்கவில்லை. உப்பளத்தில் சக்கரத்தை மிதித்துக்கொண்டே, “நான் கட்டினது ஒரு பொம்பளையை. இப்ப அவ சுவத்துல தொங்குற பை ஆயிட்டா” என்று பக்கத்துச் சக்கரக்காரனிடம் சொன்னான். அவன் சிரித்தான், தூமான் சிரிக்கவில்லை. சாயங்காலங்களில் தகப்பனும் மகளும் பான்கும் வீட்டில் சாப்பிட்டார்கள். ஒக்சில் பான்கும் மடியில் தூங்கி, பூண்டு உரித்து, அதிகாரிகள் படகை முதலில் கண்டுபிடித்துச் சொல்கிற பிள்ளையாக வளர்ந்தாள்.

ஒக்சில் தினமும் அம்மாவைப் பார்க்க வருவாள். தலையைப் பின்னிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்காருவாள். கில்லே அழகாகத்தான் பின்னுவாள். ஆனால் ஒரு நாள் ஒக்சில், “அம்மா, தலை இன்னும் ஈரம், காயட்டும்” என்றபோது அவள் கை நின்றது. விரலுக்கு நடுவே இருக்கிற முடி ஈரமா, காய்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. வேறே எடுத்து வைக்கப்படுவதில் இதுவும் சேர்த்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. உடைந்த கரையைக் கட்டினார்கள், வயல் இனித்தது, தீவுக்குக் கம்பி வழியே மின்சாரம் வரப் போகிறது என்று சொன்னார்கள், வரவில்லை. மா உபதேசியாருக்கு இருமல் கூடியது. இலையுதிர்காலத்தில் ஒரு பெரும் புயல் எழுந்து, கரை சேர முடியாத மீன்பிடிப் படகுகளெல்லாம் கூல்தோ துறைக்குள் ஒதுங்கின. பசியோடு வந்த அத்தனை ஆட்களுக்கும் ஆலயத்துச் சாடியைக் கவிழ்த்துச் சமைத்துப் போட்டார்கள். ஊர் அரிசியும் அதோடு தீர்ந்தது. மொக்போப் படகு வருவது நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஒக்சிலுக்குக் குடல் காய்ச்சல் கண்டது.

தூமான் ஆலயத்துப் பக்க அறையின் கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தான். “உன் பொண்ணு கெடக்குறா. வந்து பாக்குறதுன்னா பாரு.”

கில்லே ஓடினாள். பிள்ளை பாயோடு பாயாகக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பார்லிக் கஞ்சி, கிழங்குத் தண்ணீர், எது உள்ளே போனாலும் திரும்பி வந்தது. கில்லே அவள் நெற்றியில் கையை வைத்தாள்.

“ரொம்பச் சுடுதாம்மா?” என்று ஒக்சில் கேட்டாள்.

கில்லேயின் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவர்மேல் வைத்ததுபோல இருந்தது. உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையை வைத்தாள், கன்னத்தை வைத்தாள். “இல்லடா கண்ணு, அவ்வளவு இல்ல” என்றாள்.

“இல்லையா?” என்றான் தூமான். “நெருப்பாக் கொதிக்கிறா. அவ மேல வெச்ச ஈரத்துணி காயுது. நீ இல்லைங்கற.” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அது அவளுக்குள் போயிருக்காது. அவன் மெதுவாகச் சொன்னதால் எந்த வழியாகவோ கொஞ்சம் உள்ளே இறங்கியது.

ஒக்சில் வெள்ளை அரிசிக் கஞ்சி கேட்டாள். அதைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்காது என்று மா உபதேசியாரும் சொன்னார். தீவு முழுக்கத் தேடியும் ஒரு பிடி அரிசிதான் இருந்தது. அது குப்பியில் இருந்தது.

கில்லே அதைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்றினாள். வேகாது என்று தெரியும், ஏற்றினாள். வேகவில்லை. வடித்து எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடி, “ஐயா, என் பிள்ளைக்கு வேக வெச்சுக் குடுங்க” என்றாள். எத்தனையோ வீட்டு அரிசி வெந்த அடுப்பு அது. அதிலும் வேகவில்லை. உபதேசியார் மூடியைத் திறந்து பார்த்து, முகம் வெளுத்து, விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குப் புரியலையேம்மா. அடுத்த கைக்கு வந்தா வேகணுமே” என்றார். இருமல் அவரை மேலே பேச விடவில்லை.

மிச்சம் இருந்த வீடுகளில் கில்லே எடுத்துக்கொண்டு போனது பான்கும் வீட்டுக்கு. வேலியைத் தாண்டி அவள் அங்கே போய் வருஷங்கள் ஆகியிருந்தன. உள்ளே புளித்த கிழங்கு வாடை. பான்கும் ஒக்சிலின் அழுக்குத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது.

“பான்கும், என் பிள்ளைக்கு இதை வேக வெச்சுக் குடேன்.”

பான்கும் எதுவும் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி உலையில் போட்டாள். கில்லே அடுப்பின் எதிரே உட்கார்ந்து பானையையே பார்த்தாள். கொதித்தது. நுரை வந்தது. நுரை அடங்கியது. பான்கும் அகப்பையில் எடுத்து விரலால் நசுக்கினாள். கல்.

“இது என்னடி இது” என்றாள். பிறகு கில்லேயைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இன்னும் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏ கில்லே. இங்க பாரு. இதை எனக்குக் குடுத்தியா, இல்ல எங்கிட்ட வேலை வாங்குறியா?”

“என்ன கேக்கற?”

“உன் அரிசி, உன் பொண்ணு, என் அடுப்பு. இதுல குடுத்தது எங்க இருக்கு? அடுப்பை மட்டும் கடன் கேட்டு வந்திருக்க. கண்ணு பானையிலயே கெடக்கு, கோழிக் கூட்டைப் பாக்குற பூனை மாதிரி. எத்தனை வருஷமாடி அந்தக் குப்பியை இப்படிப் பாக்கற? அந்த உபதேசியார் அன்னிக்கே குடுத்துடுன்னு சொன்னாரு, நானும் நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

வெளியே காற்று வைக்கோல் போரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பையில் போட்ட அரிசியை யாரும் பையிலேயே வைத்திருப்பதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான், அந்தப் புளிப்பு வாடைக்கு நடுவே உறைத்தது. அவள் கூல்தோவுக்கு வந்த நாளிலிருந்து தினமும் செய்த வேலை அது. எடுத்து வைத்த அன்றைக்கே அது எந்த வயிற்றுக்குப் போகும் என்று ஆண்டவர் நினைத்திருப்பார். அவள் மட்டும் நினைக்கவில்லை.

“இந்தா, இது உனக்கு” என்றாள்.

“எனக்கா?”

“உனக்குத்தான். சாப்பிடு. வேண்டாம்னா கொட்டு. நீ மது காய்ச்சினாலும் சரி, நான் கேக்க மாட்டேன்.”

“காய்ச்சிடுவேன், பாத்துக்கோ. அரிசியில காய்ச்சி வருஷமாச்சு, கை அரிக்குது.”

“சரி.”

“உன் பொண்ணுக்குத் தருவேன்னு நெனச்சுக்கிட்டுப் போகாத.”

“இல்ல” என்றாள் கில்லே. அவள் அப்படி நினைக்கவும் இல்லை. அதுதான் அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள். எழுந்தாள். பானையைத் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். பான்கும் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருபது முப்பது அடிதான் இருக்கும், அதில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்தவள் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, “ஆண்டவரே, எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றாள். தரை முழுக்கச் சேறு என்று தூமான் ஏதோ முணுமுணுத்தான். யாருடைய கால் சேறு என்று இருவருமே கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு பான்கும் வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றி ஒரு பித்தளைக் கிண்ணம். “என்னோட அரிசி. என்னோட கஞ்சி. நான் வளத்த பிள்ளைக்கு நான் கொண்டாறேன், யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்” என்றாள். “கதவைச் சாத்து தூமான், மழை அடிக்குது. பிடிடி இதை.”

கில்லே வெறுங்கையால் வாங்கினாள். வாங்கினவள் வீறிட்டாள். கிண்ணம் கையைச் சுட்டது. விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்துவிடும்போல எரிந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. “சுடுது!” என்றாள். “பான்கும், சுடுதுடி!”

“கஞ்சின்னா சுடாதா, பைத்தியம்.”

கிண்ணத்தை மடியில் இருத்திக்கொண்டு கில்லே மகளின் நெற்றியில் கையை வைத்தாள். கிண்ணத்துக்குக் கொஞ்சமும் குறையாத சூடு. வேர்வையின் பிசுபிசுப்பு. அடியில் நரம்பு ஒன்று துடிப்பது. “ஐயோ, கொதிக்குதே, என் பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குதே” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டதைப் பார்த்து, தூமான் அவளுக்கும் காய்ச்சல் கண்டுவிட்டதென்று பயந்துபோய் உபதேசியாரைக் கூப்பிட ஓடினான்.

அரிசி பூவாய்க் குழைந்திருந்தது. ஒக்சில் ஒரு வாய் விழுங்கினாள், தங்கியது. இன்னொரு வாயும் தங்கியது. மொக்போப் படகு திரும்ப ஓட ஆரம்பித்த வாரத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த மாசம் அதிகாரிகள் படகை முதலில் பார்த்துச் சொல்கிற வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மா உபதேசியார் அன்று மழையில் வந்து சேர்ந்தபோது கில்லேயின் ஈரச் சட்டையையும் கொப்புளம் கண்ட விரல்களையும் பார்த்தார். பெரும் நஷ்டம் வந்த வீட்டில் பேசுவதுபோலத் தயங்கி, “அது போயிடுச்சாம்மா?” என்று கேட்டார்.

“போகல ஐயா. பையை விட்டு வெளிய வந்திருக்கு” என்றாள் கில்லே. பிறகு கிண்ணத்தில் மிச்சம் இருந்ததில் அவருக்கும் கொஞ்சம் ஊற்றினாள். அவர் உட்கார்ந்து குடித்தார்.

அவள் பாயையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். ஒரு வாரம் போனதும் தூமான் அடுப்புக்குப் பக்கத்திலிருக்கும் சூடான மூலையை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். அவன் ஆலயத்துக்கு வர ஆரம்பித்ததும் அந்தக் குளிர்காலத்தில்தான். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காருவான், பாட்டு தெரியாமல் முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இழுப்பான். காலிக் குப்பியில் உபதேசியார் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். பான்கும் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த அரிசியில் ஒரு சிட்டிகையைச் சொன்னபடியே எடுத்து ஜாடியில் போட்டிருந்தாள். அந்த ஜாடியில் குடித்தவனுக்குப் போதை ஏறவில்லை. தான் சண்டை போட்டவன் வீட்டை விசாரித்துப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். அவளுடைய பழைய வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அப்படியே வீட்டோடு இருந்துவிட்டார்கள். தன் பிழைப்பைக் கெடுத்தது ஆண்டவரா கில்லேயா என்று பான்கும் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தாள், அவர்கள் இருவரிடமும்.

கில்லே சுவரில் மறுபடி பையைத் தொங்கவிட்டாள். உலை வைக்கும் முன் தூமானுக்கு ஒரு கரண்டி, ஒக்சிலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பான்குமுக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவும் இல்லை. காய்ச்சல் வீடு, பிள்ளை பெற்ற வீடு, படகு திரும்பாத வீடு என்று அன்றன்றைக்கே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தீவுக்கு மின்சாரம் வந்த பிறகும், ஒக்சில் கல்யாணமாகி நகரத்துக்குப் போன பிறகும், மா உபதேசியாரைக் குன்றின் சரிவில் அடக்கம் செய்து வேறொரு உபதேசியார் வந்த பிறகும் அது நிற்கவில்லை. மழைக்காலத்தில் கூல்தோவின் பாதையெல்லாம் சேறுதான். பையை எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போகும்போது அவள் காலில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டாது. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மற்றவர்களைப்போலவே முழங்கால் வரை சேறாக வருவாள், கிணற்றடியில் நின்று கழுவுவாள், தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று பான்குமிடம் குறைப்படுவாள். ஊரில் யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. தூரத்தில் அவள் வருவது தெரிந்தால் காலைப் பார்ப்பார்கள். கால் வெள்ளையாக இருந்தால், எந்த வீட்டில் என்ன கஷ்டமோ என்று தாங்களும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போவார்கள். சேறாக இருந்தால், முடிந்துவிட்டது என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.